முத்தாயி மட்டும்தான்!

செல்போன் அலறியது.

சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலை. தோல் உரிக்கும் மேடை. எலிசபெத் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்து எறிந்துவிட்டு போனை எடுத்தாள்.

"எலிசபெத்தா?"

"ஆமா... யாரு?"

"ஸ்டேஷன்லேர்ந்து பேசறோம். டிரைவர் சுந்தர்ராஜ் உன் வீட்டுக்காரர்தானே?"

"ஐயோ! ஆக்சிடெண்டா சார்? உயிரோட இருக்காரா?"

"ஜம்முனு இருக்காரு. நாகேந்திரன் கேஸ்ல அவர்தான் ஏ-1."

"ஏ-1னா... நல்லதா சார், கெட்டதா?"

மறுமுனை சிரித்தது.

"கிளாஸ்ல ஃபர்ஸ்ட் ராங்க் மாதிரிம்மா. கொலைக் கேஸ்ல முதல் முத்தாயி!"

போன் மாம்பழச் சாற்றில் விழுந்தது.

நாகேந்திரன்!

மூன்று நாளுக்கு முன்னால்தான் அவனுக்காக அழுதிருந்தாள். அவனும் சுந்தர்ராஜும் ஒரே கார் ஸ்டாண்டில் வண்டி ஓட்டியவர்கள். செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றேகால் மணிக்கு, பாகாலா ரயில் நிலையச் சாலையில், தன் காரின் ஸ்டியரிங் மேலேயே கவிழ்ந்து கிடந்தான் நாகேந்திரன். பின்மண்டையில் வீல் ஸ்பேனர் இறங்கியிருந்தது.

அவனுடைய பாடைக்குத் தோள் கொடுத்ததே சுந்தர்ராஜ்தான்! வேனல் கட்டி வந்துவிட்டது என்று அந்தச் செவ்வாய்க்கிழமைதான் தலையை மழித்திருந்தான். மொட்டைத் தலை வெயிலில் மின்ன, அழுதுகொண்டே சுமந்தான்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் செவ்வாய்க்கிழமை மாலையே அவனைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருந்தாள்.

"இன்னா எலிசு, அண்ணன் முட்டைக்கு மீச வரஞ்ச மாரி இருக்காரு!"

*

"மொட்ட அடிச்சிட்டா கண்டுபிடிக்க மாட்டோம்னு நெனச்சாராம்மா?"

ஸ்டேஷனில் சி.ஐ. சாய்குமார் மேசையில் விரலால் தட்டினார். நகரிக்காரர். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வரும்.

"எதிர்ல டீக்கடை லட்சுமம்மா பாத்திருக்கு. கார்லேர்ந்து சுருட்ட முடிக்காரன் ஒருத்தன் எறங்கிப் போனான்னு சொல்லுது. உன் வீட்டுக்காரருக்கு ஸ்டாண்டுல இன்னா பேரு?"

"...சுருட்டை."

"அதி! அதான்! திங்கக்கிழம ரெண்டு பேருக்கும் சண்ட. செவ்வாக்கிழம கொலை. அன்னிக்கே மொட்ட. காலைல பத்துலேர்ந்து ஒரு மணி வரைக்கும் எங்க இருந்தன்னு கேட்டா, வாயத் தொறக்க மாட்டேன்றாரு. போனு ஆஃப்."

எலிசபெத் கம்பிக்குப் பின்னால் பார்த்தாள்.

சுந்தர்ராஜ் தலை குனிந்துகொண்டான்.

*

வக்கீல் வேங்கடாசலம் வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னாம்மா பயம்?"

"டி.வி.ல முத்தாயி முத்தாயின்றாங்க சார். சர்ச்சுல என்ன பாட்டுக்குழுலேர்ந்து எறக்கிட்டாங்க. கம்பெனில கொலகாரன் பொண்டாட்டின்றாங்க..."

"முத்தாயின்னா கொலகாரன்னு எவன் சொன்னான்?"

எலிசபெத் நிமிர்ந்தாள்.

"தெலுங்குல முத்தாயி. இங்கிலீஷ்ல அக்யூஸ்டு. நம்ம தமிழ்ல குற்றம் சாட்டப்பட்டவர். எல்லாம் ஒண்ணுதான். ஒருத்தன் வெரல் நீட்டுவான். போலீஸ் எழுதிக்கும். வரிசைல மொத ஆளா எழுதினா ஏ-1. அடுத்தவன் ஏ-2. அவ்ளோதான் அதுக்கு அர்த்தம்! குத்தவாளின்றது வேற. அத ஜட்ஜி வாயாலதான் சொல்லணும்."

"ரெண்டுக்கும் நடுவுல இன்னா சார் இருக்குது?"

"நான் இருக்கேன்!"

கடலைத் தோலை ஊதிவிட்டார்.

வெளியே வந்தபோது எலிசபெத்துக்குக் கால் தரையில் பதிந்தது. மூழ்குகிறவள் கையில் கிடைத்த கட்டை மாதிரி அந்த ஒரு வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் சொன்னாள். ரேஷன் கடையில் சொன்னாள். போதகரிடம் சொன்னாள்.

"முத்தாயி மட்டும்தான் ஐயா. குத்தவாளி இல்ல."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பிறகு அவளைவிட்டு ஓர் அடி தள்ளி நின்றார்கள்.

கோர்ட் வராந்தாவில் ஒருநாள் நாகேந்திரனின் மனைவி உதயா எதிரே வந்தாள். நெற்றியில் பொட்டில்லை. இடுப்பில் கைக்குழந்தை.

"அக்கா... என் புருஷன் சாவறதுக்கு முன்ன ஒரு வாரமா தூங்கல. ‘ஒரு விஷயம் இருக்குது, போலீஸ்ல சொல்லிடணும்’னு பொலம்பிக்கினே இருந்தாரு. அது இன்னான்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். கேட்டுச் சொல்லுக்கா..."

"என் புருஷன் முத்தாயி மட்டும்தான்! குத்தவாளின்னு ஜட்ஜி சொன்னாரா? சட்டம் தெரிஞ்சிக்கினு பேசு!"

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

உதயா குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

அந்தச் சின்ன அசைவு எலிசபெத்தின் நெஞ்சில் முள் மாதிரி தங்கிவிட்டது. எடுக்கத் தெரியவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

*

நான்காவது மாதம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பும்போது சுந்தர்ராஜின் கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்தாள். ஒரு சீட்டு நழுவி விழுந்தது.

திருமலை... மொட்டை போடும் இடத்துச் சீட்டு!

தேதி: அதே செவ்வாய்க்கிழமை.

நேரம்: காலை 10.40!

எலிசபெத் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாளே சிறை வலைக்கம்பியில் சீட்டை ஒட்டி வைத்துக் கேட்டாள்.

"இன்னாங்க இது?"

சுந்தர்ராஜ் பார்த்தான். அவன் முகம் உடைந்தது.

"அத ஏன் எடுத்த எலிசா..."

"மலைக்குப் போனீங்களா? நீங்களா?!"

"சாமி பாக்கல. கார கீழ வுட்டுட்டு பஸ்ல போனேன். முடிய மட்டும் குடுத்துட்டு வந்துட்டேன்."

"எதுக்கு?"

"உனக்கு டைபாய்டு வந்து பெனாத்திக்கினு கெடந்தியே... டாக்டர் கைய விரிச்சாரு. பயத்துல, பொழச்சா முடி தரேன்னு வேண்டிக்கினேன். கட்டின்னு பொய் சொன்னேன். சர்ச்சுல தெரிஞ்சா நம்ம மூணு தலமுறை மானம் போவும். கிழிச்சிப் போடு!"

"தூக்குல போட்டாலும் சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேன்."

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் எலிசபெத் அழுதாள். பாவம் என்று தோன்றவில்லை. அவமானம்கூடத் தோன்றவில்லை. பதினாறு வருடக் கல்யாணத்தில் அவன் ஒரு தடவைகூட ‘உன்மேல் ஆசை’ என்று சொன்னவனில்லை. இப்போது அவளுக்காகத் தன் கடவுளையே தாண்டிப் போயிருக்கிறான்!

அந்தக் கண்ணீரில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சீட்டை மட்டும் வக்கீலிடம் கொடுத்தாள்.

வேங்கடாசலம் கடலையைக் கீழே வைத்தார்.

"பதினொன்னேகாலுக்குக் கொன்னவன் சுருட்ட முடிக்காரன். பத்தே முக்காலுக்கே உன் புருஷன் தலைல முடி இல்ல! ஏம்மா... இத வெச்சிக்கினா நாலு மாசம் சும்மா இருந்தீங்க?"

"மலையில கேமரா இருக்குமே சார்?"

"அத்தன மாசத்துப் பதிவ எவன் வெச்சிருப்பான்? அதுவும் நல்லதுதான், போலீஸும் மறுக்க முடியாது. சீட்டு பேசும். நீ கூண்டுல ஏறிப் பேசு. உங்க போதகரும் பேசட்டும்."

பேசினார்கள்.

எலிசபெத் சத்தியப் பிரமாணம் செய்து, சீட்டைத் தன் கையாலேயே கோர்ட்டில் கொடுத்தாள். போதகர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"எங்க சபைல ஒருத்தர் இத செஞ்சிருந்தா மறைப்பாரு, ஐயா. செய்யாம செஞ்சேன்னு சொல்ல மாட்டாரு."

அந்த ஒரு வரியில் கேஸ் சாய்ந்தது.

லட்சுமம்மாவும் கூண்டில் நின்று, "முடி சுருட்டையா இருந்துது, மொகம் சரியா பாக்கல" என்றாள்.

ஒன்றரை வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது.

சந்தேகத்தின் பலன்... விடுதலை!

*

அன்று மாலை. வீட்டில் கேசரி வாசம். பாட்டுக்குழுவில் மறுபடி இடம் என்று போதகர் சொல்லியனுப்பியிருந்தார். சுந்தர்ராஜ் வாசலில் உட்கார்ந்து மீசையைச் சீவிக்கொண்டிருந்தான். சுருட்டை முடி பழையபடி காடாக வளர்ந்திருந்தது.

சமையலறையில் கன்னியம்மாள் கேசரியை வழித்துத் தின்றாள்.

"என்னா இருந்தாலும் எலிசு... அண்ணன் மலைக்குப் போனாருன்றது எனக்கு இன்னிக்கிதான் தெரியும். சாயந்தரப் பேப்பர்ல போட்டிருக்கான். அப்ப அது மலைல போட்ட மொட்டயா?"

"ஆமா. எனக்காக."

"அப்ப மீச?"

"இன்னா மீச?"

"நாங்க நெசவுக்காரங்க, வருஷா வருஷம் மலைக்குப் போறவங்க. வேண்டிக்கினு முடி குடுத்தா மீச, தாடி எல்லாம் சேத்துதான் வழிப்போம். என் வீட்டுக்காரரு அப்புடி வந்து நின்னா எனக்கே அடையாளம் தெரியாது. அண்ணன் மட்டும் முட்டைக்கு மீச வரஞ்ச மாரி வந்தாரே! எந்த பார்பர் வுட்டான் அத?"

கன்னியம்மாள் சிரித்தாள்.

எலிசபெத்தின் கையில் கரண்டி நின்றது.

தெரியாதவன்! மொட்டை என்றால் தலை மட்டும்தான் என்று நினைத்தவன்... மலைக்குப் போகாதவன்!

அவள் கால்கள் தாமாகக் குளியலறைக்கு நடந்தன.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை வேலைவிட்டு வந்தபோது குளியலறையில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. ஜலதாரி அடைத்திருந்தது. விரலை விட்டு ஒரு முடிக் கொத்தை இழுத்துப்போட்டாள். டைபாய்டுக்குப் பிறகு அவளுக்குத்தான் கொத்துக் கொத்தாய்க் கொட்டிக்கொண்டிருந்ததே! தன் முடி என்று நினைத்துக் குப்பை வண்டியில் கொட்டினாள்.

அவளுடையது நீளமுடி.

அந்தக் கொத்து...?

கண் அன்றைக்கே பார்த்திருந்தது. மனசுதான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது!

பக்கெட்டில் அவளுடைய கம்பெனி அங்கியோடு அவனுடைய வெள்ளைச் சட்டையும் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் பழுப்பாக இருந்தது. மாம்பழக் கறை என்று நினைத்து எலுமிச்சை போட்டு... தேய்த்துத் தேய்த்து வெளுத்தாள்.

கன்னியம்மாள் போனபிறகு வாசலுக்கு வந்தாள்.

"எலுமிச்ச போட்டு நல்லாத் தொவச்சேங்க."

"இன்னாத்த?"

"நாகேந்திரன் ரத்தத்த."

சீப்பு நின்றது.

ஒரே ஒரு விநாடிதான். பிறகு மறுபடி சீவத் தொடங்கினான்.

"கைப்பட்டைல மட்டும்தான் இருந்துது. மடிச்சி வுட்டுக்கினு பஸ்ல வந்துட்டேன்."

"ஏன்?"

"வெதுருகுப்பம் ரோட்டுல சைக்கிள்ல வந்த ஒரு கெழவன இடிச்சிட்டேன். நிக்காம வந்துட்டேன். அன்னிக்கி நாகேந்திரனும் பக்கத்து சீட்டுல இருந்தான். அவன் போலீஸ்ல சொல்லியே தீருவேன்னான். எவ்ளோ கெஞ்சினேன் தெரியுமா?"

"அந்த சீட்டு?"

"மத்யானம் திருப்பதில ஏறின மொட்டப் பார்ட்டி கார்ல போட்டுட்டுப் போனது. அதுல பேரு கெடையாது. நேரத்தப் பாத்தேன். எடுத்து வெச்சிக்கினேன். நானே குடுத்தா எவன் நம்புவான்? நீ கண்டுபிடிச்சா நம்புவாங்க. நீ ஞாயித்துக்கெழமைல புஸ்தகம் எடுப்பேன்னு தெரியும். எடுக்கறதுக்குத்தான் நாலு மாசம் ஆக்கிட்ட!"

"டைபாய்டு... வேண்டுதல்..."

சுந்தர்ராஜ் அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது.

"அழாத எலிசா. இனிமே எவனும் என்ன முத்தாயின்னு கூப்ட முடியாது. ஒரே கொலைக்கு ரெண்டு வாட்டி கேஸ் போடக் கூடாதாம். வக்கீலு சொன்னாரு. நல்ல வக்கீலப் புடிச்ச!"

*

காலை எட்டு மணி. ஸ்டேஷன்.

உதயா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்ட அந்த அசைவு ராத்திரி முழுக்க எலிசபெத்தின் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அதுதான் அவளை இங்கே நடத்தி வந்தது.

சொல்லி முடித்தாள்.

சி.ஐ. சாய்குமார் பீரோவைத் திறந்தார். பழைய ஃபைல். முதல் பக்கத்தில் கைதான அன்று எடுத்த போட்டோ.

மொட்டைத் தலை. முறுக்கு மீசை.

சி.ஐ. நெற்றியில் அறைந்துகொண்டார்.

"நா கர்மா! நானே மூணு வாட்டி மலைல மொட்ட போட்டவன். ஒன்றரை வருஷமா மொத பக்கத்துல இருந்து பாத்துக்கினு இருந்திருக்கு இந்த மீச!"

"இப்ப அவர புடிப்பீங்களா சார்?"

"அப்புடியே புடிக்க முடியாதும்மா. விடுதலை ஆயிட்டாரு. அப்பீல்தான் போகணும். அப்பீல் நிக்கணும்னா அந்தச் சீட்டு அவருது இல்லன்னு காட்டணும்..."

சட்டென்று நிறுத்தினார். பேனாவைத் திறந்தார். குரல் மாறியது.

"சீட்ட கோர்ட்ல குடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

"அது என் வீட்டுக்காரருதுதான்னு சத்தியம் பண்ணது?"

"...நான்."

"ரத்தச் சட்டைய வெளுத்தது?"

"நான்... எனக்குத் தெரியாது சார்!"

"முடிய எடுத்துக் குப்பைல போட்டது?"

எலிசபெத் தன் விரல்களைப் பார்த்தாள்.

சி.ஐ. எழுதுவதை நிறுத்தாமலே, கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீ நல்லவதாம்மா. எனக்குத் தெரியுது. ஆனா அவருகிட்டப் போறதுக்கு வழி உன்மேலதான் போகுது. சாட்சியத்த அழிச்சது, பொய்ச் சீட்டக் குடுத்தது... புது கேஸ். இதுல அவரு பேரே இல்ல. அவரு சொன்னதுன்னு நீ சொல்றியே, அதயும் கோர்ட்டு கேக்காது. புருஷன் பொண்டாட்டி தனியா பேசினது."

"அப்ப..."

"ஏ-1 எலிசபெத்."

மின்விசிறி சுற்றியது. ஒரு பெண் கான்ஸ்டபிள் வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். இறுக்கிக்கூடப் பிடிக்கவில்லை. திமிறுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை என்பது அந்தக் கைக்கே தெரிந்திருந்தது.

எழுதியது தெலுங்கு. எலிசபெத் படித்தது தமிழ்ப் பள்ளி. பக்கம் பக்கமாய்ப் போன அந்த எழுத்தில் எது தன் பெயர் என்றுகூடத் தெரியாமல், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் சத்தம்.

உதயா நின்றிருந்தாள். யாரோ பாதியை மட்டும் சொல்லியிருக்க வேண்டும். அவள் விரல் நேராக எலிசபெத்தின் முகத்தை நோக்கி நீண்டது.

"இவதான்! இவளுக்கும் எல்லாம் தெரியும்! அன்னிக்கி எனக்கு சட்டம் சொன்னா!"

எலிசபெத் அந்த விரலையே பார்த்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வந்திருந்தாள்.

அவளுக்கும் ஜீப்புக்கும் நடுவில் டி.வி. மைக்குகள் முளைத்திருந்தன. மைக்குகளுக்கு நடுவே சுந்தர்ராஜ்! வெள்ளைச் சட்டை. கறையே இல்லாத வெள்ளை. கண்ணில் நிஜமான கண்ணீர்.

"உங்க மனைவி மேலயே கேஸ் போட்டுட்டாங்களே... இன்னா சொல்றீங்க சார்?"

சுந்தர்ராஜ் மனைவியை ஒருமுறை பார்த்தான். மீசையை மெதுவாகத் தடவிவிட்டுக்கொண்டான்.

"தப்பா பேசாதீங்கங்க. அவ முத்தாயி மட்டும்தான்... குத்தவாளி இல்ல. அந்த வித்தியாசத்த ஊருக்கே சொல்லிக் குடுத்தவளே அவதான்!"